வீட்டுச் சுவரில் ஸ்டென்சில்: மொரிஷியஸ் வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

வாக்குவாவில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது முன்னறையின் இடப்பக்கச் சுவரைத்தான். அதில் ஒரு சிக்குக் கோலம் வரிசை வரிசையாக ஓடுகிறது. "வால்பேப்பரா?" என்பார்கள். இல்லை, ஸ்டென்சில் என்றதும் கேள்விகள் தொடங்கிவிடும். சொந்தக்காரர்களும், கோயிலில் பார்க்கும் அக்காமாரும், தங்கையோடு வேலை செய்கிறவர்களும் கேட்டதை எல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் பெயின்டர் இல்லை. மூன்று சுவரைக் கெடுத்து நாலாவதில் தேறியவள், அவ்வளவுதான்.

ஸ்டென்சில் என்றால் என்ன, அச்சுக் குத்துவதா?

அச்சு வேறு, இது வேறு. அச்சில் மேடான இடம் நிறத்தை ஒற்றும். ஸ்டென்சிலில் வெட்டி எடுத்த ஓட்டை வழியாக நிறம் சுவருக்குப் போகும், மூடியிருக்கும் இடம் சுவராகவே நிற்கும். இங்கே கடையில் "போஷ்வார்" என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்.

பழைய வேலைதான். இந்தோனேசியாவில் சுலவேசித் தீவின் குகைகளில் கையைப் பாறைமேல் வைத்துச் சுற்றிலும் நிறத்தை ஊதிய தடங்கள் உண்டு. அவற்றில் ஒன்று 39,900 வருடத்துக்குக் குறையாதது. வட இந்தியாவின் மதுராவில் சாஞ்ஜி என்று காகிதத்தை நுணுக்கமாக வெட்டி, அதன் மேல் வண்ணப்பொடி தூவிக் கண்ணன் கதைகளை வரைகிறார்கள். நம் வீடுகளில் ஓட்டை போட்ட குழாயில் மாவை நிரப்பி வாசலில் உருட்டுகிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இந்தக் குடும்பம்தான்.

எங்கள் சுவர் இதைத் தாங்குமா? மழைக்காலத்தில் ஈரம் பூக்கிறதே?

எல்லாரும் பெயின்டைப் பற்றிக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது சுவரைப் பற்றி.

1960 ஜனவரியில் அலிக்ஸ் புயலும் பிப்ரவரியில் கரோல் புயலும் அடித்துப் போட்ட பிறகு, இந்தத் தீவில் மரமும் தகரமுமாக இருந்த வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கான்கிரீட் பெட்டிகளாக மாறின. மேலே தட்டையான தளம், பக்கத்தில் சிமென்ட் கல். காற்றுக்கு அசையாது, சரி. ஆனால் தளத்தில் தண்ணீர் தேங்கினால் அந்த ஈரம் சுவருக்குள் மெதுவாக இறங்கும். மேட்டுநிலத்தில் இருக்கும் வாக்குவா, கியூர்பீப் பக்கம் இது தினப்படி தொல்லை. ஈரமான சுவரில் நீங்கள் எவ்வளவு அழகாக ஸ்டென்சில் போட்டாலும் அடியில் இருக்கிற பெயின்டோடு சேர்ந்து அது உரிந்து வரும். என் முதல் சுவர் அப்படித்தான் போனது. ஒரு கோடைக்குள் இலை இலையாக உதிர்ந்தது, வரைந்ததும் இலைதான்.

சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு முழ அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது, முதலில் தளத்தையோ குழாயையோ சரிசெய்ய வேண்டும். வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில்தான் ஈரம், ஜன்னலைத் திறந்தால் போதும்.

வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். கறுப்புப் பூஞ்சைக்கு ஒரு பங்கு ஜாவெலில், அதாவது ப்ளீச்சில், மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். ஜாவெலோடு வினிகரையோ வேறு எந்தக் கழுவும் மருந்தையோ சேர்த்துவிடாதீர்கள், நச்சுப் புகை வரும். புதுச் சிமென்ட் பூச்சாக இருந்தால் குறைந்தது நாலு வாரம் பொறுக்க வேண்டும், மேட்டுநிலத்துக் குளிர்காலத்தில் இன்னும் கூட.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர். வருடத்தில் மழை குறைவான மாதம் அதுதான், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. வருடப்பிறப்புக்கு முன் டிசம்பரில் வெள்ளையடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் அப்போது காற்றில் ஈரம் கூடிவிடும், பெயின்ட் கடையிலும் கூட்டம். வானிலை நிலையமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது, இருந்தும் துணி காயப்போடும் நாளை எங்களால் சரியாகச் சொல்ல முடிவதில்லை. ஆகவே இரண்டு நாள் தொடர்ந்து சுவர் தொட்டால் காய்ந்திருக்கிறதா என்று கையால் பாருங்கள், அது போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

குறைவுதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் கால் லிட்டர். ஒரு சுவருக்கு இதிலேயே மிச்சம் வரும், என்னிடம் இன்னும் நாலு டப்பா பாதியில் நிற்கிறது. தலை தட்டையாக வெட்டிய குண்டுப் பிரஷ் ஒன்று, அல்லது நெருக்கமான ஸ்பாஞ்ச் உள்ள சின்ன ரோலர். எளிதில் உரியும் மாஸ்கிங் டேப், தூக்குக்குண்டு, பென்சில், பழைய துணி. கேன்காய்ரியில், அதாவது ஹார்ட்வேர் கடையில், இதெல்லாம் கிடைத்துவிடும்.

ஸ்டென்சில் தாளுக்கு மைலார் என்கிற பாலியெஸ்டர் தாள் சிறந்தது. 0.19 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் வளையவும் செய்யும், மடங்கவும் செய்யாது. கிடைக்காவிட்டால் பழைய எக்ஸ்ரே படம். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அலமாரியில் எப்படியும் நாலு எக்ஸ்ரே இருக்கும். வைத்தியரிடம் இனிக் காட்ட வேண்டியதில்லை என்று உறுதிசெய்த பிறகு வெட்டுங்கள். நான் கேட்காமல் வெட்டி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தாளை எடுத்ததும் ஓரமெல்லாம் கசிந்திருக்கிறதே, ஏன்?

பெயின்ட் அதிகம். பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான்.

பிரஷின் நுனியை மட்டும் பெயின்டில் தொட்டு, அதை ஒரு பழைய துணியில் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். பெயின்டே தீர்ந்துபோனது போல் தெரியும்வரை தேயுங்கள். அதன் பிறகு சுவருக்குப் போனால் சரியாக இருக்கும். முதல் சுற்றில் நிறம் மங்கலாகத்தான் விழும். பயப்படாமல் ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு சுற்றுப் போடுங்கள். இரண்டு மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட எப்போதும் சுத்தமாக வரும். பிரஷை இழுக்கக் கூடாது, செங்குத்தாகப் பிடித்துக் குத்த வேண்டும், அல்லது ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுழற்ற வேண்டும். வெளிப்பக்கமாக இழுத்தால் பெயின்ட் தாளுக்கு அடியில் புகுந்துவிடும்.

ரோலருக்கும் இதே கதை. அழுத்தி உருட்டாதீர்கள். அதன் எடையே போதும்.

மற்றபடி இரண்டு காரணம்: சுவர் சொரசொரப்பாக இருந்தால் தாள் ஒட்டி நிற்காது, அப்போது தாளின் பின்பக்கம் திரும்ப உரிகிற பசை ஸ்ப்ரேயை லேசாக அடித்து, ஒரு நிமிடம் விட்டு ஒட்டலாம். தாளின் பின்பக்கத்தை நாலைந்து தடவைக்கு ஒருமுறை துடைக்காமல் விட்டாலும் அந்தக் கசிவு அடுத்த இடத்தில் அச்சாகும்.

பாட்டி போடும் சிக்குக் கோலத்தை அப்படியே ஸ்டென்சிலாக வெட்டலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. இதற்காகத்தான் மூன்றாவது சுவரைக் கெடுத்தேன்.

ஒரு புயல் எச்சரிக்கை. கிளாஸ் 3 என்று அறிவித்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். மூன்றுக்கு மூன்று புள்ளிக் கோலம் ஒன்றை மைலாரில் வரைந்து, சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கோட்டை வெட்டினேன். வெட்டி முடித்துத் தாளைத் தூக்கினால் நடுப்பகுதி முழுதும் பொலபொலவென்று மடியில் விழுந்தது. கையில் மிஞ்சியது ஒரு சட்டம் மட்டும்.

யோசித்தால் தெரியும். சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைக்கிறது. கோட்டை வெட்டி எடுத்துவிட்டால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியுள்ள துண்டும் தனித் தீவாகிவிடும். தீவைக் கரையோடு சேர்க்கப் பாலம் வேண்டும், அதாவது கோட்டில் அங்கங்கே வெட்டாமல் விட்ட சின்னத் துண்டு. ஸ்டென்சில் வேலையில் பாதி, பாலம் எங்கே போடுவது என்கிற கணக்குத்தான். ஏனோதானோ என்று போட்டால் கோலம் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும்.

நான் கண்டுபிடித்த வழி, ஏற்கெனவே பலர் கண்டுபிடித்திருப்பார்கள், இதுதான். கோட்டின் ஓரிடத்தில் விரலை வைத்து அதன் மேலேயே போங்கள். முதல் சந்திப்பில் "மேலே" என்று குறியுங்கள், அடுத்ததில் "கீழே", அதற்கடுத்ததில் "மேலே", அடுத்து "கீழே". கோடு தன்னைத்தானே எத்தனை தடவை வெட்டினாலும் இந்தக் கணக்கு எங்கும் முட்டாது. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கோடு மேலே போவதாகவும் மற்றது அடியில் நுழைவதாகவும் தானாக அமையும். இப்போது அடியில் போகும் கோட்டை மட்டும் சந்திப்பின் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் வெட்டாமல் விடுங்கள். அவ்வளவுதான் பாலம். எந்தத் தீவை எடுத்தாலும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாலம் விழுந்திருக்கும், தாள் உறுதியாக நிற்கும். சுவரில் பார்க்கும்போது அந்த இடைவெளி குறையாகத் தெரியாது, கயிற்றைப் பின்னிப் போட்டது போல் இருக்கும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கோலத்தில் கோடு விட்டுப்போகக் கூடாது என்றார். அதனால் பூஜை மாடத்துக்குப் பக்கத்திலிருக்கும் இரண்டு வரிசையில் மட்டும் இடைவெளிகளை மெல்லிய பிரஷால் நிரப்பிவிட்டேன். முன்னறையில் பின்னல், மாடத்தருகில் முழுக்கோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் பின்னல்தான் பிடிக்கிறது.

தமிழ் எழுத்துகளை வெட்டலாமா?

தாராளமாக. ட, ப போன்ற திறந்த எழுத்துகளில் பாலமே வேண்டாம். ண, ஓ போல சுழியுள்ள எழுத்துகளில் சுழிக்குள் ஒரு தீவு மாட்டிக்கொள்ளும், அதற்குப் பாலம் விடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரிதாகவே வெட்டுங்கள், சின்னப் புள்ளி பெயின்டில் அடைபடும். தமிழ் படிக்க வராத நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை ரூபாய் நோட்டில்தான் பார்க்கிறார்கள். படுக்கையறைச் சுவரில் அவர்கள் பெயரைப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடப்புத்தகம் நான் பார்த்ததில்லை.

கோலம் தவிர வேறு என்ன வடிவம் நன்றாக இருக்கும்?

தெருவில் நடந்து போய்ப் பாருங்கள். பழைய மர வீடுகளின் கூரை ஓரத்தில் மரத்திலும் தகரத்திலும் வெட்டித் தொங்கவிட்ட சரிகை வேலை இருக்கிறதே, லாம்ப்ரெக்கேன், அது ஏற்கெனவே ஸ்டென்சில்தான். வெட்டியெடுத்தவன் தகரம் உதிராதபடி பாலங்களைச் சரியாக விட்டிருப்பான். ஒரு போட்டோ எடுத்து, பெரிதாக்கி, தாளில் வைத்து வெட்டினால் போதும். விட்டத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் ஓடவிட்டால் கான்கிரீட் பெட்டிக்கும் ஒரு பழைய வீட்டின் முகம் வந்துவிடும்.

1992இல் தேசியப் பூவாக அறிவிக்கப்பட்ட பூக்ல் தொரேய், லெ மோர்ன் மலையில் வளரும் சிவப்பு மணிப்பூ, நல்ல வடிவம். ரவேனாலா விசிறி இலையும் எளிது, கீற்றுகளுக்கு நடுவே பாலம் தானாகவே அமைகிறது. டோடோ பறவை வேண்டாம் என்பது என் கருத்து. துண்டிலும் சாவிக்கொத்திலும் பார்த்தது போதும்.

சுவரின் எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

நடுவிலிருந்து. மூலையிலிருந்து தொடங்கினால் மறுமூலையில் அரைக் கோலம் கழுத்தறுபட்டு நிற்கும்.

உதாரணம்: சுவர் 375 செ.மீ., கோலம் ஒன்றுக்கு 30 செ.மீ. நடுக்கோட்டில் இரண்டு கோலங்களுக்கு இடையிலுள்ள எல்லை வந்தால், இரு பக்கமும் ஆறு ஆறு முழுக் கோலம் போக, ஓரத்தில் 7.5 செ.மீ. மிஞ்சும், அதாவது கால் கோலம், பார்க்க அசிங்கம். அதற்குப் பதில் நடுக்கோட்டில் ஒரு கோலத்தின் மையம் வந்தால் ஓரத்தில் 22.5 செ.மீ. மிஞ்சும், முக்கால் கோலம், கண்ணுக்கு உறுத்தாது. தாளை எடுக்கும் முன் இந்தக் கழித்தலைப் போட்டுவிடுங்கள்.

செங்குத்துக் கோட்டுக்குத் தூக்குக்குண்டையே நம்புங்கள், வீட்டின் மூலைகளை நம்பாதீர்கள். எங்கள் மூலை இரண்டு விரல் சாய்ந்திருக்கிறது, இருபது வருடமாக எங்களுக்குத் தெரியாது.

என்ன நிறம்?

முதல் தடவைக்கு: அதே நிறம். சுவரில் பளபளப்பில்லாத மேட் பெயின்ட் இருந்தால் அதே நிறத்தைச் சற்றுப் பளபளக்கும் சில்க் பூச்சில் வாங்கி ஸ்டென்சில் போடுங்கள். பகலில் நேரே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கோலம் எழுந்து வரும். தப்பு நடந்தாலும் யாருக்கும் தெரியாது என்பது கூடுதல் வசதி. அப்புறம் தைரியம் வந்ததும் மஞ்சளும் காவியும் போடலாம். நாலு சுவருக்கும் போடாதீர்கள். ஒரு சுவர் போதும், மிச்சம் மூன்றும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கட்டும்.

ஸ்ப்ரே டப்பா வேகமாக இருக்குமே?

வேகம்தான். ஆனால் தூள் அறை முழுக்கப் பறக்கும், மூச்சுக்கும் கெடுதல். வீட்டுக்குள் வேண்டாம்.

எங்கள் வீடு பழைய மர வீடு. அதில்?

போடலாம், ஒரு எச்சரிக்கையோடு. பல தலைமுறை பார்த்த மரத்தில் அடிப்பூச்சு ஈயம் கலந்த பெயின்டாக இருக்கக்கூடும். அதைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசி பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்து. தேய்க்காமல் துடைத்து, மேலே பிரைமர் அடித்து, அதன் மேல் வேலை செய்யுங்கள். பெயின்ட் உரிந்து தொங்குகிற நிலையில் இருந்தால் விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வெட்ட எனக்குப் பொறுமை இல்லை. வேறு வழி?

வியாழன் அல்லது ஞாயிறு காத்ர் போர்ன் துணிச் சந்தைக்குப் போய்ப் பெரிய ஓட்டைகள் உள்ள லேஸ் துணி ஒரு மீட்டர் வாங்குங்கள். ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவரில் அழுத்திப் பிடித்து, கிட்டத்தட்டக் காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றினால் லேஸ் முழுதும் சுவரில் இறங்கும். ஓரம் மைலார் அளவுக்குக் கூர்மையாக வராது, கொஞ்சம் பனி படர்ந்த மாதிரி இருக்கும். கியூர்பீப் வீட்டுக்குப் பொருத்தமானதுதான்.

அலுத்துப் போனால் எப்படி அழிப்பது?

மேலே இரண்டு பூச்சு சுவர் பெயின்ட் அடித்தால் நிறம் மறையும். மேடு மறையாது. தடிப்பாகப் போட்டிருந்தால் புதுப் பெயின்டுக்கு அடியிலும் பழைய ஓரங்கள் நரம்பு மாதிரி தெரியும். ஆகவே முதலில் மெல்லிய உப்புத்தாளால் ஓரங்களைத் தட்டையாக்கி, தூசியைத் துடைத்து, பிறகு அடியுங்கள். எங்கள் முன்னறைச் சுவரில் இரண்டாவது முறை போட்ட இலைகளை நான் சோம்பேறித்தனத்தில் தேய்க்காமல் விட்டுவிட்டேன். ஆறு மணி வெயிலில் கோலத்துக்குப் பின்னால் அவை இன்னும் தெரிகின்றன. விருந்தாளிகள் அதுவும் டிசைன் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.